ஒன்னுக்குப் போகாத இன்ஜின்

எங்கள் அப்பா யார் காலிலும் விழமாட்டார். கோயிலில்கூட நின்றபடிதான் கும்பிடுவார். இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. அந்தத் திமிரால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. பட்டால் என்ன, திமிர் திமிர்தான்.

அப்போது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். சாந்தோமுக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. ஊர்த் தலைவர் வீட்டில் கல்யாணம் வந்தது. அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகக்கூடாது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் படகை நிறுத்துவது எங்கள் வழக்கம். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு, அப்பா பாட்டுக்குக் கடலுக்குப் போனார். போனதைக்கூட மன்னித்திருப்பார்கள். வலை கொள்ளாத வஞ்சிரத்தோடு திரும்பி வந்ததைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

கோயில் முன்னால், ஊர் பார்க்க, தலைவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது.

"கடலுக்குப் போனதுக்குக் கடல்ல வேணா வுழுறேன். இவன் கால்ல இன்னாத்துக்கு வுழணும்?" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஊர்க் கட்டுப்பாடு. யாரும் எங்களோடு பேசக்கூடாது, எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, அப்பாவின் படகுக்கு ஆளாகப் போகக்கூடாது, கை கொடுக்கக்கூடாது. மீறினால் அவர்களுக்கும் அதே கதி. அப்பாவைக் கண்டால் டீக்கடையில் டீ தீர்ந்துவிடும். என்னோடு பாண்டி ஆடுகிறவள் கட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போடி என்று நானும் வேறு இடத்தில் தனியாகக் கட்டம் போட்டு ஆடினேன்.

எதிர்வீட்டில் இருந்தது பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். குப்பத்தில் யாருடைய இன்ஜின் மக்கர் செய்தாலும் அவர்தான் பார்ப்பார். அவரும் அப்பாவும் ஒரே மாதிரியான இரண்டு பழைய இன்ஜின்களை ஒன்றாக வாங்கியிருந்தார்கள். படகின் பின்னால் மாட்டிக் கயிற்றை இழுத்தால் ஓடுமே, அந்தச் சின்ன இன்ஜின். அந்தப் பெரியப்பா, கட்டுப்பாடு விழுந்த மறுநாளே எங்களைப் பார்த்தும் பாராமல் போனார். ஊர்க்காரர்கள் பேசாதது எனக்கு வலிக்கவில்லை. என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு லைட் ஹவுஸ் வரை நடந்த மனுஷன் பேசாததுதான் வலித்தது.

அப்பா தனியாகவே கடலுக்குப் போனார். அம்மா மீனை மந்தைவெளிக்குக் கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்றாள். மந்தைவெளிக்காரர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே தவிர, விற்கிறவளுக்கு ஊரில் என்ன கட்டுப்பாடு என்றா கேட்கப்போகிறார்கள்? சிக்கல் வேறு இடத்தில் வந்தது. படகு கரைக்கு வந்தால் நாலு பேர் ஓடிவந்து தள்ளி மேலே ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு ஒரு கையும் வராது. அதனால் அவர் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கிக்கொண்டு வந்து படகை அப்படியே மணலில் ஏற்றுவார். பார்க்கச் சினிமா மாதிரி இருக்கும். நான் கைதட்டுவேன். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் கடல்தண்ணீரோடு மணலையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்த இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீரை உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். அதை ஒன்னுக்குப் போவது என்றுதான் குப்பத்தில் சொல்வோம். ஒன்னுக்குப் போனால் இன்ஜின் நலம். ஒருநாள் அது நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் சூடேறிப் புகைந்து இன்ஜினும் அணைந்துவிட்டது. அப்பா துடுப்புப் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் கரை சேர்ந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். தலைவர் கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி நாளைக்குத் துடுப்பு போடுவான்? தன்னால வந்து வுழுவான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எங்கள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் குப்பத்து மெக்கானிக், உங்கள் ஊர் வம்பு எனக்கெதற்கு என்று கையை விரித்தார். டவுனில் ஒரு கடையில் இந்த மாடல் இப்போது வருவதே இல்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்றைக்கென்றால் செல்போனில் வீடியோ பார்த்தாவது செய்யலாம். அன்றைக்கு எங்களுக்கு எதுவும் இல்லை. அப்பா தானே திறந்து பார்த்தார். இன்ஜின் விஷயத்தில் அவருக்குக் கயிற்றை இழுக்கத் தெரியும், திட்டத் தெரியும். மற்றதெல்லாம் அதுவரை அண்ணன் பார்த்துக்கொண்டது. கார்பரேட்டரைத் துடைத்து மூடியபோது கையில் இரண்டு ஸ்குரூ மிஞ்சின. அவர் அதைக் கடல் பக்கம் வீசப் போக, அம்மா பிடுங்கிக் கடுகு டப்பாவில் போட்டு வைத்தாள்.

மறுநாள் பெரியப்பா கடலுக்குப் போகவில்லை. தன் இன்ஜினைத் தூக்கிவந்து, எங்கள் வாசலுக்கு நேர் எதிரே சாக்கை விரித்துக் கிடத்தினார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்பேனரைக் கையில் எடுத்தவர், இன்ஜினோடு சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"இன்னா, ஒன்னுக்கு வரலையா உனக்கு? கார்பரேட்டர்ல கைய வெச்சா இன்னா பிரயோஜனம்? கோளாறு கால்ல கீது. கால கழட்டினாத்தான் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக ஓடுகிற இன்ஜின் அது. முந்தின நாள்கூட குழாய் திறந்த மாதிரி ஒன்னுக்குப் போனதை நானே பார்த்திருந்தேன். எங்கள் இன்ஜின் செத்துக் கிடக்கும்போது, இந்த மனுஷன் எங்கள் நோவைத் தன் இன்ஜினுக்குச் சொல்லிக் கேலி செய்கிறாரே! அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அம்மாவோ விற்பதற்காகச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிவந்த இறாலை வாசலில் கொட்டி உரிக்க உட்கார்ந்தாள். ரோஷமே இல்லையா, உள்ளே வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

பெரியப்பா போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றின வரிசையிலேயே சாக்கில் வைத்தார். இன்ஜினின் கால், அதாவது தண்ணீரில் முங்குகிற கீழ்ப்பாகம், தனியாக வந்தது. அதற்குள் ஒரு மூடி, மூடிக்குள் பூ மாதிரி இதழ் விரித்த சின்ன ரப்பர் சக்கரம். தண்ணீரை உறிஞ்சுவது அதுதான்.

"மண்ணு தின்னா மொதல்ல இதான் கிழியும். தோ, சக்கரத்த புடிச்சிக்கினு இந்தத் துண்டு ஆணி கீதே, இது காணாப்போச்சுன்னா அவ்ளோதான். மாட்டும்போது சும்மா அமுக்கக்கூடாது. கடியாரம் சுத்துற பக்கமா திருப்பிக்கினே அமுக்கணும். அப்பத்தான் எல்லா எதழும் ஒரே பக்கம் மடங்கும்."

சொல்லிக்கொண்டே மாட்டினார், கழற்றினார். மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பெரிய மெக்கானிக்காம், மாட்டத் தெரியவில்லை பார் என்று நான் அவருக்குக் கேட்கிற மாதிரியே சிரித்தேன். கடைசியில் கருகருவென்றிருந்த அந்த ரப்பரை மட்டும் வெளியே எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "தூ, கஸ்மாலம்! இதெல்லாம் ஒரு ரப்பரா?" என்று எங்கள் வாசலைப் பார்த்து வீசினார். அது உருண்டு வந்து இறால் தோல் குவியலில் விழுந்தது. எங்கள் வாசல் இவருக்குக் குப்பைத்தொட்டியா? அழுகையும் ஆத்திரமும் வர, திருப்பி எறிய ஓடினேன். அம்மா என் கையில் ஓர் அடி போட்டாள்.

"வுடு, நான் பெருக்கிக்கிறேன்" என்று தோலோடு சேர்த்து முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானமே அம்மா எங்கள் இன்ஜினின் காலைக் கழற்றினாள். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெருமையடிக்க வந்தவரின் வித்தையை, அவருக்கே தெரியாமல் அம்மா திருடிவிட்டாள்! எங்கள் ரப்பர் கந்தலாகக் கிடந்தது, கூடவே ஒரு பிடி மணல். அதற்குப் பதிலாக மாட்ட அவர் வீசிய குப்பையையே எடுத்தாள். அவர் கழித்துப்போட்டதே எங்களுக்குப் போதும் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எங்களோடு பேசக்கூடாது என்பதால், பொம்பளை இன்ஜினைத் தொட்டால் படகுக்கு ஆகாது என்று காற்றிடம் சொன்னாள்.

"அப்ப கட்டுப்பாடு போட்ட ஆம்பளைங்கள வந்து தொடச் சொல்லு" என்று அம்மாவும் காற்றிடமே பதில் சொன்னாள்.

லாரித் தண்ணீர் அரசாங்கத்தது. தலைவரால் அதை மட்டும் நிறுத்த முடியவில்லை. அம்மா நீல டிரம்மைச் சந்தின் நடுவில் வைத்து நிரப்பினாள். டிரம் விளிம்பில் இன்ஜினை மாட்டி அதன் காலைத் தண்ணீரில் முங்கவிட்டார்கள். அப்பா கொப்புளக் கையோடு கயிற்றை இழுத்தார். இருமியது, அணைந்தது. மறுபடி இழுத்தார். சந்தெல்லாம் புகை. பிறகு, ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் இன்ஜின் ஜம்மென்று ஒன்னுக்குப் போனது. நான் ஓவென்று கத்திக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். அப்பாவுக்கு இன்ஜினை நிறுத்த வெகுநேரம் மனசே வரவில்லை.

அப்பா பழையபடி கடலுக்குப் போனார். பெரியப்பாவின் படகுதான் கரையிலேயே கிடந்தது. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றாராம். நன்றாக வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தலைவருக்குச் சந்தேகம் வந்தது. குப்பத்தில் இன்ஜின் தெரிந்தவர் ஒரே ஆள். ஊரைக் கூட்டி, கோயில் முன்னால் பெரியப்பாவை நிறுத்தி, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்டார்கள். நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். பெரியப்பா எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார்.

"தம்பி இன்ஜின நான் தொடல. அந்த வூட்டாண்ட ஒரு வார்த்த பேசல. கையில ஒரு பொருள் குடுக்கல. அவங்க வாசல்ல குப்பையத்தான் வீசினேன். அது தப்புன்னா சொல்லுங்க, இப்பவே வுழுறேன்" என்றார்.

ஊரே சிரித்தது. தலைவர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்பா சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா. இனிமே ஜென்மத்துக்கும் நான் பெரியப்பாவாண்ட பேசமாட்டேன், சத்தியம்" என்றேன். அதைக் கேட்டு அவளுக்குக் குலுக்கல் அதிகமானது.

அது அழுகை இல்லை என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. அப்பா கடைசிவரை விழவில்லை. ஒருத்தர் இருவராக வந்து பேச, கட்டுப்பாடு தானாகவே நீர்த்துப்போனது. பெரியப்பா எதிரே வந்தால் மட்டும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஊர் போட்ட கட்டுப்பாட்டைப் பிசகாமல் கடைப்பிடித்தது அந்தக் குப்பத்திலேயே நான் ஒருத்திதான்.