மூன்றாவது ஷை

மாமியின் சாமியறையில், படங்களுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. டொக்டர்மார் போடுகிற கோட்டு. நுனியில் மஞ்சள் தடவியிருந்தது. கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் அது யாருடையது என்று மாமியைக் கேட்டேன். "சின்னவளின்ர. சோதினைக்கு முதலே தைப்பிச்சுச் சாமிக்கு வைச்சிட்டன். இனிக் கிடைக்காமப் போகுமே?" என்றார். சின்னவள் என்றது என் மச்சாளை, கணவரின் தங்கையை. அப்போது அவள் பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். சோதினைக்கு, உயிரியல் பிரிவில், இரண்டாவது ஷைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை எழுதுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

நல்ல பகிடிக்காரி. நான் மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பெயர் சொல்லுவாள். "டொக்டராகாட்டியும் மார்க்கெட்டில மீன் வெட்டிப் பிழைப்பன் அண்ணி" என்று சிரிப்பாள். முடிவு வந்தது. மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. களனிப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. அவளுக்குச் சந்தோசம். மாமி மட்டும் அசையவில்லை. "சாமிக்கு வைச்ச கோட்டைத் திருப்பி எடுக்கிறதோ? தெய்வக்குற்றமாப் போகும்" என்றார். மச்சாள் களனியை விட்டுவிட்டு மூன்றாவது ஷைக்கு இருந்தாள். மாமியும் குறை வைக்கவில்லை. சைவசமயமானாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்தினார். புள்ளி முன்னையதிலும் குறைந்தது. அதன்பிறகு மச்சாள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாடும் இறங்கவில்லை. களுபோவில ஆஸ்பத்திரிக்கு நானும் கணவரும்தான் கூட்டிக்கொண்டு போனோம். சில வருசத்தில் மாமி காலமாகிவிட்டார். மச்சாள் இன்றும் எங்களோடுதான், மருந்தோடு, ஜன்னல் பக்கத்துக் கதிரையில்.

நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினையோடு படிப்பை நிற்பாட்டியவள். ஆனாலும் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு முடிவு வந்த கிழமையில் அடுத்தது என்ன என்று கேட்காதீர்கள். முதலில் சாப்பிட வையுங்கள், நித்திரை கொள்ள விடுங்கள். எந்தப் பாடம் பிடிக்கும் என்று, ஆட்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். டிப்ளோமாவும் படிப்புத்தான், தொழில்நுட்பக் கல்லூரியும் படிப்புத்தான். நேர்த்திக்கடன் வைப்பதென்றால் உங்கள் உடம்பை வருத்தி வையுங்கள்; பிள்ளையின் வயதை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதுகிற என் வீட்டிலேயே இந்தக் கிழமை என் சொல் எடுபடவில்லை. மகளின் இரண்டாவது ஷை முடிவு வந்தது, மருத்துவம் இல்லை. லிஃப்டில் மேல்வீட்டு அக்கா, "எத்தினை ஏ எடுத்தனீ பிள்ளை? ஒண்டும் இல்லையே?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். மகளுக்கு முன்பள்ளி ரீச்சராக ஆசை. ஞாயிற்றுக்கிழமை கோயில் அறநெறி வகுப்பில் சின்னன்கள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். அதைச் சொன்னேன். கணவர் டியூஷன் வாத்தியாருக்குப் போன் எடுத்துக்கொண்டே, "ஓ.எல்.லோட நிண்ட உமக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரு வருசம்தானே" என்றார்.

"உங்கட தங்கச்சியைப் பாருங்கோ!" என்றேன். முதல்முறையாக அவருக்கு முன்னால் குரல் உயர்ந்தது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். தங்கச்சியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைக் கண்டேன். இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் கதிரையில் இருந்த மச்சாள் வாய் திறந்தாள். மாதக் கணக்கில் ஒரு சொல் சொல்லாதவள்.

"அவள் சோதினை எடுக்கட்டும் அண்ணி. நானும் கொஞ்சத்திலதானே விட்டனான். திரும்ப எடுத்தால் எனக்கும் வரும்."

மகள் எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். "சரி, எடுக்கிறன்" என்றாள். யாருக்காகச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது.

நாளைக்கு மகளின் மூன்றாவது ஷைக்கு வகுப்புத் தொடங்குகிறது. இன்று பின்னேரம் கோயிலுக்குப் போனேன். தடையெல்லாம் விலக்கச் சொல்லித்தான் சனம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும். நானும் ஒன்று உடைத்தேன். "அப்பனே, என்ர பிள்ளைக்கு முன்னால வந்து குறுக்க நில்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.