எந்தச் சி?

நாற்பத்தாறு வயதில் நான் இசைக் கோட்பாடு படிக்கக் காரணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் கோயிலில், ஆர்கனுக்கு இடப்பக்கம், தூணை ஒட்டி, பாடகர் குழுவின் கடைசி வரிசையில் அது கிடந்தது. பதினோரு வருடம் அதில் உட்கார்ந்து கிடார் வாசித்தேன்.

வாசித்தேன் என்பது என் தரப்பு. ஆர்கன் வாசித்துக் குழுவை நடத்திய மதாமின் தரப்பு வேறு. பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். யார் பேசினாலும் கையில் சிவப்பு மசிப் பேனா இருப்பது போன்ற முகத்தோடு கேட்பார். அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் சொன்ன ஒரே இசைக் குறிப்பு, "தூஸ்மான், முசே, தூஸ்மான்." மெதுவாக, ஐயா, மெதுவாக. நானும் மெதுவாக வாசித்து வாசித்து, கடைசியில் கம்பியைத் தொடுவதும் தொடாமல் இருப்பதும் ஒன்றாகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது நாலு கார்டு, அதாவது சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் நாலு பிடி. மிச்சத்தைக் கேப்போ பார்த்துக்கொண்டது. கேப்போ என்பது கிடாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி. துணி காயப்போடும் கிளிப்பின் அண்ணன். பாட்டு எந்தச் சுருதியில் போகிறதென்று தெரியாவிட்டால் அதை நகர்த்தி நகர்த்தி, காது வலிக்காத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு சரணம் முடிந்திருக்கும். கத்தோலிக்கப் பாட்டுகளில் சரணத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் பிழைத்துவந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வருடத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குழுவுக்குப் புதிதாக ஒரு பாடகி வந்தார். கோரிமேடு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அருமையான குரல். ஆனால் நைட் டியூட்டி முடிந்து வரும் நாளில் அந்தக் குரல் ஒரு படி, சில நாள் அரைப் படி இறங்கியிருக்கும். அந்த இடத்திலேயே பாட்டின் சுருதியை இறக்க வேண்டும். கேப்போ சுருதியை ஏற்றும். இறக்குவது அதன் சுபாவத்தில் இல்லை.

மதாம் ஒரு ஒத்திகையில் ஆர்கனை மூடிவிட்டு அறிவித்தார். "சுருதி மாத்த தெரியாதவங்க திருவிழா பூசையில கீழ சனங்களோட உக்காரலாம். அங்கயும் சேசு இருக்காரு."

குழுவில் பாடுபவர்கள் பன்னிரண்டு பேர். வாத்தியம் அவரையும் என்னையும் தவிர யாரும் வாசிப்பதில்லை. யாரைச் சொல்கிறார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"பதினோரு வருஷமா இருக்கேன் மதாம்."

"உங்க கித்தார் நம்ம குழுவுல இருக்குது, முசே. நம்ம பாட்டுல இல்ல."

சரியான வாக்கியம். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்த நாற்காலியை விடுவதில்லை என்று அன்று வண்டியைக் கிளப்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

உழவர்கரையில் எங்கள் காலனிக்கு எதிரே, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் கிடார் வகுப்பு நடந்தது. வாத்தியாருக்கு வயது இருபத்து நாலு. என் சக மாணவர்கள் ஆறாம் வகுப்பு.

"தியரியெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? நாலு கார்டு இருந்தா சினிமா பாட்டுல முக்காவாசி முடிஞ்சிரும்."

"நாலு கார்டுலதான் தம்பி இத்தன வருஷம் ஓட்டுனேன். வண்டி நின்னுடுச்சி."

அவர் ஒரு கோப்பிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடிகாரம் போல ஒரு வட்டம். மணி எண்களுக்குப் பதில் பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு சுருதிகள். உச்சியில் C. அதிலிருந்து கடிகாரம் சுற்றும் பக்கமாக G, D, A என்று ஐந்து ஐந்து சுரமாக ஏறிப் போய், சுற்றி வந்து C-யிலேயே முடியும். பஞ்சம வட்டம்.

ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜாதகமா சார்?"

"அப்டித்தான் வெச்சிக்கங்க."

"கட்டமா இல்லாம வட்டமா இருக்குதே. யாருக்கு பாக்குறீங்க?"

"எனக்குத்தான்."

"நேரம் எப்டி இருக்குதாம்?"

"இன்னும் ரெண்டு மாசம் கஷ்டம்மா."

கஷ்டம்தான். C-யிலிருந்து ஐந்தாவது G என்பதே எனக்கு ஒரு வாரம் பிடிபடவில்லை. எத்தனை முறை எண்ணினாலும் A வந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அரசு உத்தியோகம். திங்கள் முதல் வெள்ளி வரை லீவு என்றால் ஐந்து நாள். கிளம்பும் நாளும் கணக்கு. இருபது வருடமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். C திங்கள், G வெள்ளி. அலுவலகத்தில் கற்றது வாழ்க்கையில் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

அதற்குப் பிறகு வட்டம் ஒரு காலனி போலத் தெரிய ஆரம்பித்தது. எந்த வீட்டில் குடியிருந்தாலும் இடப்பக்கத்து வீட்டுக்காரரும் வலப்பக்கத்து வீட்டுக்காரரும் துணைக்கு வருவார்கள். D-யில் பாட்டு என்றால் ஒரு பக்கம் G, மறுபக்கம் A. அந்த மூன்று கார்டில் எளிய பாட்டு எதுவும் நடந்துவிடும். பாட்டு C-க்கு இறங்கினால் மூவரும் சேர்ந்து இரண்டு வீடு தள்ளிக் குடிபோவார்கள். உறவு மாறாது. இவ்வளவுதானா என்று இருந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைத் தமிழ்ப்பற்றாளர் தாளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம ஆளுங்க அப்பவே வட்டப்பாலைன்னு போட்டு வெச்சிட்டாங்க" என்றார். உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அந்த ஆட்களில் யாராவது ஒருவரை மதாமிடம் பேச அனுப்பினால் தேவலை என்றேன்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒத்திகையில் என்னைச் சோதிக்கச் சொன்னேன். கேப்போவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அன்று நர்ஸ் டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார், குரல் இறங்கியிருந்தது. மதாம் இரண்டு சுரம் தொட்டுப் பார்த்துவிட்டு, பதினோரு வருடத்தில் முதன்முறையாக என் பக்கம் திரும்பி ஒரு சுரத்தின் பெயரைச் சொன்னார்.

"சி, முசே."

சி. வட்டத்தின் உச்சி வீடு. சுரத்தை அரைப் படி ஏற்றும் ஷார்ப்பும் கிடையாது, இறக்கும் ஃப்ளாட்டும் கிடையாது. எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கம். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று கையை வீசி C அடித்தேன்.

இரண்டு பேருந்துகள் உரசிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. ஆர்கன் ஓரிடத்தில், நான் அதை ஒட்டி வேறிடத்தில்.

"சி," என்றார் மதாம். நான் இன்னும் அழுத்தி வாசித்தேன். "சி. சி." பின்வரிசைப் பெண்கள் அவர் என்னைச் சீ என்கிறார் என்று நினைத்து, நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"முசே, நீங்க வாசிக்கிறது தோ."

எங்கள் ஊரில் தோ என்றால் இதோ. வேறு அர்த்தம் அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

"தோ, வாசிச்சிக்கிட்டுத்தான இருக்கேன் மதாம்."

"அதான் சொல்றேன். தோ."

"தோ."

"தோ வேணாம். சி குடுங்க."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்தார்.

விளங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மதாம் படித்தது பிரெஞ்சு முறை. தோ ரே மி ஃபா சோல் லா சி. அந்தத் தோ நம் 'ச' போல நினைத்த இடத்தில் வைத்துக்கொள்வது என்று நான் எப்போதோ படித்து நம்பியிருந்தேன். மதாமின் தோ ஆணி அடித்த தோ. நான் C என்பதற்குத்தான் அவர் தோ என்கிறார். அவர் சி என்பது என் புத்தகத்தில் B. கிடாரில் இரண்டும் அடுத்தடுத்த கட்டம். வட்டத்தில் ஐந்து வீடு தள்ளி. காதுக்கு ஒரே பெயர். இந்தத் தப்பைச் செய்ய உலகத்தில் புதுச்சேரியைப் போல வசதியான ஊர் கிடையாது.

"இந்த ஊர்லயே பொறந்துட்டு தோ ரே மி தெரியல," என்றார் மதாம்.

"பிரெஞ்சுக்காரங்க போயி அம்பது வருஷம் ஆச்சி மதாம்."

"அவங்க போயிட்டாங்க. சுரம் போகல. மூணு வாரம் இருக்குது. பேர மாத்திப் படிச்சிட்டு வாங்க."

"மாட்டேன் மதாம்."

குழு நிமிர்ந்து பார்த்தது. நானும் என்னை அப்படித்தான் பார்த்தேன். கிடாரின் கழுத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, பஸ்ஸில் முணுமுணுத்து, கோப்புகளின் ஓரத்தில் எழுதி, அந்த ஏழு எழுத்தை என் மண்டைக்குள் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே வேறு ஏழு பேருக்கு இடமில்லை. இவ்வளவு வீறாப்பாகக் காப்பாற்றிய எழுத்துகள் இங்கிலீஷ்காரனுடையவை என்பது வண்டியில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. என் ஊரை ஆளாத வெள்ளைக்காரனுக்காக, என் ஊரை ஆண்ட வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; என்னைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கியவள்.

"பேருதான மாத்த சொன்னாங்க? எனக்கு பேரயே மாத்தி மோட்சத்துல இருக்குற ஒரு அர்ச்சிஷ்டவ பேர வெச்சீங்களே, நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"சொல்லல. மூணு மாசம் கூப்ட்டா திரும்பிப் பாக்கல."

"அப்ப நீங்களும் திரும்பாதீங்க." கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "எங்கப்பா மாட்டுச் சந்தையில ஒரு வார்த்த பேச மாட்டாரு. துண்டுக்குள்ள வெரல புடிப்பாரு, வெல முடிஞ்சிது. பேரு எதுக்கு?"

தட்டிலிருந்த கீரைக்குப் பக்கத்தில்தான் அந்த வட்டம் கிடந்தது. ஒவ்வொரு வீட்டின் மேலும் அதில் எத்தனை ஷார்ப், எத்தனை ஃப்ளாட் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு மாதமாக அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். G-க்கு ஒன்று, D-க்கு இரண்டு, A-க்கு மூன்று; B-க்கு ஐந்து. C-க்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்குப் பிரெஞ்சும் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது.

அடுத்த ஒத்திகையில் மதாமின் முன் நின்று கையை நீட்டினேன். விரல் மேலே என்றால் ஷார்ப், கீழே என்றால் ஃப்ளாட். ஐந்து விரலும் மேலே என்றால் அவருடைய சி. மூடிய கை என்றால் என்னுடையது.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கோயில்ல முஷ்டிய காட்ட சொல்றீங்க."

"பேரு சொல்றதுன்னா நான் சனங்களோட போயி உக்காந்துக்கறேன் மதாம். வெரல் காட்டுறதுன்னா இங்கதான் இருப்பேன்."

"ஆறு தியேஸ் வந்தா? கையில அஞ்சு வெரல்தான்." தியேஸ் என்றால் ஷார்ப்.

"ஆறு வந்தா கிடார கீழ வெச்சிட்டு செபம் பண்றேன்."

அவர் ஆர்கன் பக்கம் திரும்பி, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். A பிடித்தேன். இரண்டு விரல் கீழே காட்டினார். B ஃப்ளாட், விரலை முழுக்கப் படுக்கவைத்து அமுக்க வேண்டியது, கொஞ்சம் பிசிறோடு வந்தது. அரை மணி நேரம் இடைவிடாமல் கேட்டார். எனக்கு விரல் நுனிகள் எரிந்தன. போகும்போது "தூஸ்மான்" என்று சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றியும் சொல்லவில்லை.

திருவிழா மாலைப் பூசைக்கு, யாரும் கூப்பிடாமலே போய் அதில் உட்கார்ந்தேன். மதாம் பார்த்தார், எழுப்பவில்லை. காணிக்கைப் பாட்டு D-யில், இரண்டு விரலில் தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் நர்ஸின் குரல் மேலே போக முடியாமல் கீறியது. ஒன்பது நாள் நவநாள் பாடிய தொண்டை. அவர் மதாமைப் பார்த்தார். மதாம் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையை உயர்த்தினார். மூடிய முஷ்டி.

சனங்களின் முன்வரிசையில் இருந்த மில் யூனியன்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். நான் மூன்று கார்டையும் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளிப் போனேன். ஆர்கனும் அங்கே வந்திருந்தது. நர்ஸ் மூச்சை இழுத்து மூன்றாம் சரணத்தை எடுத்தார். குரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வலியில்லாமல் போய்ச் சேர்ந்தது. நான் மெதுவாக வாசிக்கவில்லை.

பூசை முடிந்து ஆர்கன் மேல் துணியைப் போர்த்தும்போது மதாம் சொன்னார், "தோ நல்லா இருந்துச்சி, முசே."

"சி, மதாம்."

"அது சி இல்ல."

"சி," என்றேன்.

துணியைப் பிடித்த கை நின்றது. ஒருவர் இல்லை என்று சொல்லும்போது, இல்லையில்லை, அப்படித்தான் என்று மறுத்துச் சொல்லப் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது, அது சி என்றார். ஆமாம் என்பதற்கு வேறு சொல். இது எதிர்த்துச் சொல்லும் ஆமாம். "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு வார்த்த பிரெஞ்சு சரியா பேசுனீங்க."

அடுத்த ஞாயிறு வரலாமா என்று நான் கேட்கவில்லை. போனேன்.