டொம்... சலங்!

கை இன்னும் லேசாக நடுங்குகிறது. இந்த வாரப் பத்தியில் எங்காவது ஒற்று மிகுந்தோ குறைந்தோ இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயந்தவளுக்கு இலக்கணம் நிற்காது.

வேறொன்றுமில்லை... போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையில் எங்கள் கார் பேசியது.

'டொம்' என்றது. கொஞ்சம் பொறுத்து, 'சலங்' என்றது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்த வாரண்டி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஒரு மாதமாகவே ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்துகொண்டிருந்தாள். அவ்வளவு கனிவான குரல்.

"மேடம், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்குங்க மேடம். இப்ப கட்டிட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எது போனாலும் நீங்க கவலையே பட வேணாம் மேடம்."

என் கவலையைப் பற்றி இத்தனை முறை என் கூடப்பிறந்தவர்கள்கூட விசாரித்ததில்லை. அன்றைக்கே கட்டியிருப்பேன். வீட்டுக்காரர் விடவில்லை.

அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே... பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவர். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிகழ்தகவு போட்டுக் காட்டினார்.

"அவன் இன்னா தர்மத்துக்கா குடுக்குறான்? ஊர்ல எல்லார்கிட்டயும் வாங்குவான், ஒருத்தன் ரெண்டு பேருக்கு செலவு பண்ணுவான், மிச்சம் அவனுக்கு. அந்தக் காச நாமளே தனியா போட்டு வெச்சா, கம்பெனியும் நாம, கஸ்டமரும் நாம!"

போட்டும் வைத்திருக்கிறார். பேங்கில் தனிக் கணக்கு. வீட்டில் அதற்குப் பெயர் 'கார் கணக்கு'. அதிலிருந்து இதுவரை தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டியிருக்கிறோம். கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறோம். என் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்ததும் அதில்தான். அந்தப் பல்லை எங்கள் வீட்டில் இன்றைக்கும் 'ஸ்டெப்னி' என்றுதான் சொல்கிறார்கள். கார் மட்டும் அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

வாரண்டிக்கும் சேமிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? வாரண்டியில் எதைக் கேட்டாலும் 'அது வராதுங்க' என்பார்கள். சேமிப்பில் எதைக் கேட்டாலும் வரும். இரண்டுமே கடைசியில் காருக்கு உதவாது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் எங்கள் மகள் பவித்ராவுக்கு வேலை கிடைத்தது. மலையில் விளைகிற மிளகு, சாமை, தேன் எல்லாம் வாங்கி விற்கிற சின்ன உழவர் கம்பெனி. ஆபீஸ் கரியாலூரில். திங்கள்கிழமை சேர வேண்டும்.

பஸ் நேரம் ஒத்துவராது, காரை நானே ஓட்டிக்கினு போய்ட்டு வரேன் என்றாள். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் அதுவரை ஏற்றியிருந்த ஆகப் பெரிய மேடு... கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கர்.

எனக்கு ராத்தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஹேர்பின் வளைவு. திறந்தால் வீட்டுக்காரரின் காலண்டர் தாள்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மலைக்குப் போவது. பவித்ராதான் ஓட்ட வேண்டும். வண்டி முனகாமல் ஏறி இறங்கினால் வாரண்டி வேண்டாம், மறுநாள் அவள் தனியாகப் போகலாம். ஏதாவது ஒரு சத்தம் கேட்டதோ... அன்றைக்கே வாரண்டி. வேலைக்கும் ஒரு கும்பிடு. மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை நான் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு பச்சை மிளகாயையும் கோத்து வண்டியின் முன்னால் கட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது இன்னா காரா, பொட்டிக் கடையா? எலுமிச்சம்பழம் தொங்கவுட்டா பிரேக்கு நல்லா புடிக்குமா? படிச்சவதானே நீ?"

அவிழ்த்துவிட்டேன். அவர் கரும்பு பார்க்கப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கனந்தலுக்கு, அவர் தம்பி நிலத்துக்குப் போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். காரை அவரே நிறுத்தி, அவரே பூட்டினார். என்றைக்கும் இல்லாத திருநாளாக!

ஞாயிறு காலை கிளம்பினோம். பவித்ரா அழகாகத்தான் ஓட்டினாள். கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கினாள், ஆட்டுக்கு நின்றாள். கோமுகி அணை வந்ததும் வீட்டுக்காரர், "ஓரமா நிறுத்தும்மா, கால நீட்டிக்கலாம்" என்றார்.

இறங்கியவர் காரின் பின்பக்கம் போனார். டிக்கியின் மேல் கை வைத்தார். சுற்றிலும் ஒரே கூட்டம், எல்லோர் கையிலும் போன், ஒரே செல்ஃபி. கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கால நீட்டியாச்சா?" என்றேன்.

"நீட்டியாச்சு, நீட்டியாச்சு. போலாம்."

மலை ஏறத் தொடங்கினோம். முதல் வளைவு. பவித்ரா ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள்.

டொம்.

கொஞ்சம் பொறுத்து... சலங்.

"பவி, கேட்டியா?"

"கேட்டேம்மா."

"ஏங்க, உங்களுக்குக் கேட்டுதா?"

"இன்னாது?"

"சத்தம்!"

"மலைன்னா சத்தம் இருக்காதா?"

அடுத்த வளைவு. இந்த முறை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு: டொம்... சலங். நேர் ரோட்டில் மூச்சு பேச்சு இல்லை. திரும்பினால் போதும், தொடங்கிவிடும். உடம்பில் ஒரு எலும்பு கழன்று உள்ளேயே அலைந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம்.

வீட்டுக்காரரோ அசையவில்லை. "சஸ்பென்ஷன் செட்டாவுது" என்றார். அடுத்த வளைவில், "குளிருக்கு இரும்பு சுருங்குது" என்றார். நல்ல வெயில்! அதற்கடுத்த வளைவில் குரலைத் தாழ்த்தி, "பவி... மெதுவாத் திருப்புடா. தூங்குற குழந்தையத் தூக்கிக்கினு போற மாதிரி..." என்றார்.

இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரண்டிக் காசு மிச்சமாக வேண்டும் என்பதற்காகப் பெற்ற பெண்ணை ஓட்டை வண்டியில் மலை ஏற்றுகிற மனுஷனை என்ன சொல்ல? "நிறுத்து!" என்று கத்தினேன். பவித்ரா ஒரு வளைவில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள்.

இறங்கிப் பார்த்தால், காரின் பின்பக்கம் அடியிலிருந்து சொட்டு சொட்டாக ஒழுகுகிறது. சிவப்பாக!

அந்த நேரம் பார்த்து ஒரு டெம்போ எங்களைத் தாண்டியது. பின்னால் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கெடா வெட்டிக்கினு வரீங்களா? ரத்தம் சொட்டுது பாரு!"

"எந்தக் கோயிலுங்க? எங்களுக்கு ஒரு பங்கு கெடையாதா?" என்றாள் இன்னொருத்தி. டெம்போ சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்தது.

போனை எடுத்தேன். மலையில் எங்குமே கிடைக்காத சிக்னல் அந்த வளைவில் இரண்டு கோடு காட்டியது. விதி என்று வந்துவிட்டால் டவர் கூட ஒத்துழைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் ஷோரூம் பெண் எடுத்தாள். வாரண்டி கடைசி நாள் ஆயிற்றே!

"சிவப்பா ஒழுகுதும்மா! டொம்னு ஒரு சத்தம், சலங்னு ஒரு சத்தம்!"

"சிவப்புன்னா கியர் பாக்ஸ் ஆயிலா இருக்கலாம் மேடம். எந்தப் பக்கம் ஒழுகுது?"

"பின்பக்கம்."

"பின்பக்கமா?" அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். கியர் பாக்ஸ் முன்னால் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கனிவான குரல் அல்லவா... "எதுக்கும் வாரண்டி போட்டுடுங்க மேடம். லிங்க் அனுப்புறேன்."

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கட்டாத! கட்டாத! நான் சொல்றதக் கேளு..."

"நீங்க பேசாம இருங்க!" என்றேன். கார் கணக்கு என் போனிலும் இருக்கிறது. லிங்க்கைத் தட்டினேன். 'டிங்' என்றது. அந்தக் கணக்கிலிருந்து முதன்முதலாகக் காருக்கென்று பணம் போயிற்று.

அப்புறம்தான் பவித்ராவைப் பார்த்தேன். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப... நாளைக்கி நான் சேர முடியாதாம்மா?"

"கியர் பாக்ஸ் போன வண்டியில எப்பிடி பவி அனுப்புவேன்? பேசினது பேசினதுதான். நாளைக்கி போன் பண்ணி வரலைன்னு சொல்லிடு."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அதைத் துடைக்காமல் மலையைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"கியர் பாக்ஸ் இல்ல."

"பின்ன?"

"பூசணிக்கா."

என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவே இல்லை. பவித்ரா சட்டென்று திரும்பி டிக்கியைத் திறந்தாள். "தொறக்காத, சிந்திடப் போவுது..." என்று அவர் சொல்வதற்குள் திறந்தாயிற்று.

உள்ளே, அவருடைய பழைய லுங்கியில் சுற்றி, ஒரு வெள்ளைப் பூசணிக்காய். மேலே சதுரமாக வெட்டி, குங்குமத்தைக் கொட்டி, சில்லறைக் காசுகளைப் போட்டு மூடிய, அசல் திருஷ்டிப் பூசணிக்காய். வளைவுக்கு வளைவு உருண்டு முட்டி விரிசல் விட்டிருந்தது. காய் போட்ட டொம், காசு போட்ட சலங், குங்குமத் தண்ணீர் போட்ட கியர் பாக்ஸ் ஆயில்.

"மொத மொத மலை ஏறுதே புள்ள... அடிவாரத்துல சுத்திப் போட்டுடலாம்னு எடுத்தாந்தேன். அங்க ஒரே கூட்டமா இருந்துச்சு. எல்லா கையிலயும் போனு. என் ஸ்டூடன்ட்டு எவனாச்சும் படம் புடிச்சுப் போட்டுட்டான்னா?"

"எலுமிச்சம்பழம் கட்டினா பொட்டிக் கடை. பூசணிக்கா வெச்சா?"

அவர் லுங்கியை இழுத்துக் காயை மூடினார். பவித்ராதான் சொன்னாள். "மொத்த வியாபாரம்மா." அழுதுகொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை. காரைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இவ்வளவு நடுங்கமாட்டேன்.

"சரி, அதைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

"சும்மா போடக் கூடாது. வூட்டுக்கும் திரும்ப எடுத்துக்கினு போவக் கூடாது. சுத்தி ஒடைக்கணும்." நிகழ்தகவு போகிற போக்கைப் பார்த்தீர்களா?

சட்டைப் பையிலிருந்து கற்பூரம் வந்தது. தயாராகத்தான் வந்திருக்கிறார்! மலைக் காற்றில் அது பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. விரிசல் விட்ட காயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, குங்குமம் வழிய வழிய, மகளையும் காரையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார். அப்புறம் காருக்கு முன்னால் நின்று, ஓங்கி ஒரு போடு.

பூசணிக்காய் உடைந்தது. அதில் ஒரு பெரிய சில்லு எகிறிப் போய், முன்பக்கத்து ஃபாக் லாம்ப்பில் 'டப்' என்று மோதியது.

அதுவும் உடைந்தது.

மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். கண்ணேறு கழிந்ததா, கண்ணாடி கழிந்ததா?

துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அதே வளைவில், அதே இரண்டு கோடு சிக்னலில் மறுபடி கூப்பிட்டேன். இப்போது நான் வாரண்டிக்காரி. குரலில் ஒரு மிடுக்கு.

"ஃபாக் லாம்ப்பு ஒடஞ்சிடுச்சும்மா. வாரண்டியில வரும்தானே?"

"எதனால ஒடஞ்சுது மேடம்?"

"...பூசணிக்காய்."

"சாரி மேடம், கேக்கல."

"பூ-ச-ணி-க்-காய்!" மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். "அது லிஸ்ட்ல இல்லையே மேடம்... வெளிப் பொருள் மோதிச் சேதம்னு போட்டுக்கிறேன். ஆனா அது வாரண்டியில வராதுங்க மேடம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வீட்டுக்காரர் பொங்கிவிட்டார். "வெளிப் பொருளா? எங்க வடக்கனந்தல் தோட்டத்துக் காய்ங்க அது!"

விளக்கு மாற்றியாயிற்று. கார் கணக்கில் மிச்சம் கிடந்ததை வழித்தெடுத்துத்தான். "பாத்தியா, கடைசியில யாரு குடுத்தது? என் கணக்குதான் குடுத்துது!" என்று இரண்டு நாளாக அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். உடைத்தவரும் அவர்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

ஆக, வாரண்டியா, சேமிப்பா? இரண்டையும் பார்த்துவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பேச்சுப்படி சத்தம் கேட்டால் வேலை கிடையாது. ஆனால் சத்தம் போட்டது கார் இல்லையே, அப்பாதானே என்று பவித்ரா வாதாடினாள். நியாயம்தானே? திங்கள்கிழமை தனியாகத்தான் போனாள். வாசலில் நின்று விளக்கு இன்னும் மாற்றாத அந்த வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில், சிக்னல் இருக்கிற இடத்திலிருந்து அவளிடமிருந்து ஒரு வரி வருகிறது. 'ஏறியாச்சு. டொம் இல்லை.' அதைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் சட்னி அரைபடும்.

இன்று காலையும் வந்தது. 'ஏறியாச்சு. லேசா டொம் இருக்கு. அப்பாவக் கேளும்மா.'

நிமிர்ந்து பார்த்தேன். செய்தித்தாள் மெல்ல உயர்ந்து முகத்தை மறைத்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தேங்காதான். சின்னது."