என் கையில் கறுத்த பச்சோந்தி

பச்சோந்தி கையில் ஏறினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், யாரோ குளிர்ந்த இடுக்கியால் மெதுவாகக் கிள்ளிக் கிள்ளி மேலே போவதுபோல இருக்கும் என்பேன். ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் மூன்றுமாக விரல்கள் ஒட்டிப் பிறந்த அந்தக் கால், மாம்பால் பட்டுப் பொத்துப்போயிருந்த என் மணிக்கட்டில் பதிந்தபோது எரிந்தது. எரிந்தாலும் கையை உதறவில்லை. அதுவரை எனக்கென்று தனியாக யாரும் எதையும் கொடுத்ததில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எண்பதுகளின் பின்பாதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று ஒரு வருடமாகியிருந்தது. அதற்காக அழுததாக நினைவில்லை, இனிமேல் வாத்தியாரிடம் அடி விழாது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் அய்யா காவல் இருந்தார். பூப்பிடித்ததிலிருந்து கடைசிக் காய் இறங்கும்வரை நாங்களும் அங்கேயே ஓர் ஓலைக் குடிசையில் இருப்போம். அம்மா காய்களைத் தரம் பிரித்து வைக்கோலில் அடுக்குவாள். காற்றுக்கு விழுந்ததைப் பொறுக்குவது என் வேலை. காம்பு ஒடிந்த இடத்திலிருந்து பீய்ச்சும் பால் பட்ட தோல் முதலில் கறுக்கும், பிறகு பொத்தும், பிறகு உரியும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொன்னது தவறு. என் தங்கை கோதைக்கு அது கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் அத்தைக்குப் பிள்ளை இல்லை. மாமாவுக்குப் பால்கோவா அடுப்பில் பால் கிண்டும் வேலை. எனக்கு ஐந்தும் தங்கைக்கு மூன்றும் நடந்துகொண்டிருந்தபோது அத்தை ஒருநாள் வந்து, "பெருசு உனக்கு வேலைக்கு ஆகும்ணே, சின்னதை எனக்குத் தா" என்று அய்யாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பார்கள்போல. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ராக்காயி. அத்தை அதை ஆண்டாள் சன்னதியில் வைத்துக் கோதை என்று மாற்றிக்கொண்டாள். என் பெயர் இருளாயி. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவள் சிவப்பு, நான் கறுப்பு. கோடை விடுமுறைக்குப் பத்து நாள் எங்களோடு இருக்க வருவாள்; ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பால்கோவாப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

அந்த வருடம் அவள் வருவதற்கு நான்கு நாள் முன்பு, பட்டுப்போன கிளை ஒன்றை வெட்டி இறக்கிய அய்யா, தலைத்துண்டுக்குள் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். "ஏட்டி இருளாயி, கையை நீட்டு. இது உனக்கு" என்றார். பிரித்தால் பச்சோந்தி. தலையில் கூம்புபோல ஒரு தொப்பி, முறுக்குச் சுற்றிய வால், ஒன்று வானத்தையும் ஒன்று என்னையும் பார்க்கிற இரண்டு கண்கள். தோப்புக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு "ஊசரவெல்லி" என்று தங்கள் மொழியில் அதன் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அம்மாதான் கத்தினாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்கு! ஏட்டி, தொப்புளை மூடிக்கோ. தூர இருந்தே ரத்தத்தை உறிஞ்சிப்போடும்." இரண்டு நாள் பாவாடையைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் அதைக் கவனித்தேன்.

எனக்குத் தெரிந்த மாதிரி வளர்த்தேன். இடுப்பில் நூல் கட்டி, மண் நிரப்பிய சட்டியில் ஒரு மாங்கொப்பை நட்டு அதில் விட்டேன். பகலில் அங்கே இருக்கும், சாயங்காலம் ஆனதும் காய்க்கூடையைக் கவிழ்த்துவிடுவேன். அழுகின மாம்பழத்தைப் பிளந்து பக்கத்தில் வைத்தால் ஈ தானாக வரும். ஒரு கண் ஈயைப் பார்க்கும், அப்புறம் மெதுவாக இன்னொரு கண்ணும் அங்கே திரும்பும், அவ்வளவுதான், நாக்கு எப்போது போனது எப்போது வந்தது என்று தெரியாது, ஈ இருக்காது. சிரட்டையில் தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. ஓடிவிடுமோ என்ற பயத்தில் எடுக்கும்போதெல்லாம் மேலேயிருந்து கழுத்தோடு சேர்த்து வெடுக்கென்று பிடிப்பேன். என் கையில் வந்ததும் உடம்பெல்லாம் கறுத்துப் புள்ளி புள்ளியாகிவிடும். அதன் நிறமே அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோதை அத்தையோடு வந்தாள். வந்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் என்னைப்போல எட்டிப் பிடிக்கவில்லை. சட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை அதன் காலுக்கு முன்னால் இன்னொரு கொப்பு மாதிரி நீட்டிவைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எம்புட்டு நேரம் இருந்தாள் என்று தெரியாது. நான் ஒரு கூடை காய் பொறுக்கிவிட்டு வந்தபோதும் அப்படியே இருந்தாள். பச்சோந்தி காற்றில் ஆடும் இலையைப்போல முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒரு காலை எடுத்து வைத்து, யோசித்து, மறுகாலையும் வைத்து அவள் கையில் ஏறியது. ஏறிய பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, இளம் வெற்றிலை மாதிரி பச்சையாகிவிட்டது.

"அக்கா, இங்க பாரு!" என்று கூவினாள். காய் பிரிக்கிற பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அதில் சுப்புத்தாய் என்று ஒருத்தி. வாய் சும்மா இருக்காது. "எங்க, இருளாயி கையில விடு பாப்போம்" என்றாள். கோதை கொடுத்தாள். நான் வழக்கம்போலப் பிடித்து வாங்கினேன். கறுத்துவிட்டது.

"ஆத்தாடி! இவ கறுப்பு அதுக்கும் ஒட்டிக்கிடுச்சுல்லா!" என்றாள் சுப்புத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அது பெரிய சிரிப்பில்லை, வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சிரித்த சின்னச் சிரிப்பு. ஆனாலும் நான் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிப்போனது. காய் ஏற்ற வருகிற வண்டிக்காரர்கள்கூட, "சின்னவ கையில பச்சை, பெரியவ கையில கறுப்பு, காட்டுங்கட்டி" என்று கேட்பார்கள். கோதை காட்டுவாள், பிறகு நான் காட்ட வேண்டும். கிணற்றடியில் சாம்பலும் புளியும் வைத்து முழங்கை வரை தேய்த்தேன். பொத்த தோல் உரிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். இருக்கிற இடத்தின் நிறத்துக்கு அது மாறும் என்று எல்லாரும் சொன்னார்களே என்று, இருந்த ஒரே பச்சைப் பாவாடையை விரித்து அதன்மேல் விட்டேன். பச்சைத் துணியில் கரித்துண்டு கிடப்பதுபோலக் கிடந்தது. மாவிலையை அரைத்துக் கையில் பூசிக்கொண்டும் பார்த்தேன். அதையும் சுப்புத்தாய் பார்த்துவிட்டாள். அதைச் சொல்ல வேண்டாம்.

கோதையோ ஒன்றும் செய்யாமலே எல்லாம் கண்டுபிடித்தாள். சிரட்டைத் தண்ணீரை அது தொடாது என்று தெரிந்ததும் கொப்பின்மேல் கையால் தெளித்தாள். இலை நுனியில் நின்ற சொட்டை அது நக்கிக் குடித்தது. நான்கு நாள் தாகத்தோடு வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக வருத்தப்பட்டேனா என்றால் இல்லை. அது எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. "பட்டு" என்று பெயரும் வைத்துவிட்டாள். "கவுறு எதுக்குக்கா? பட்டு எங்க ஓடப் போவுது?" என்று கேட்டாள். "ஓடிரும். உனக்கென்ன, போனா போச்சும்பே. எனக்குத்தான் குடுத்தாரு அய்யா" என்றேன்.

அதை என் பக்கம் திருப்ப ஒரே வழி, அவள் அதற்குக் கொடுக்காத எதையாவது கொடுப்பது. என்னிடம் எதுவும் இல்லை. அவளிடம் இருந்தது பால்கோவா. எங்கள் பக்கத்தில் யார் மனதை மாற்ற வேண்டுமானாலும் அதைத்தான் கொண்டுபோவார்கள். பெண் கேட்கப் போனாலும், ஆபீசில் காரியம் ஆக வேண்டுமானாலும் அரைக் கிலோப் பொட்டலம் முன்னால் போகும். மனிதர்களே மயங்கும்போது பச்சோந்தி எம்மாத்திரம்? மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்திருந்தபோது கோதையின் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். கழுத்தைப் பிடித்தேன். அது வாயை அகலத் திறந்து "புஸ்" என்று சீறியது. பசியில் வாய் திறக்கிறது என்று நினைத்து உள்ளே அப்பிவிட்டேன்.

மறுநாள் ஈ மூக்கின்மேலேயே உட்கார்ந்தது. இரண்டு கண்ணும் பார்த்தன. நாக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வாய் பாதி திறந்தபடி, நாக்கு நுனி வெளியே தொங்க, கொப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. கோதையின் கையில்கூடப் பச்சை வரவில்லை. அவள் அழுதாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் திருப்தியாகவும் இருந்தது. அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். பஞ்சில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்து, "நோவா இது, அக்கா?" என்று கேட்டாள். "ஆமா, சீக்கு" என்றேன். இரண்டு நாள் கழித்து அது ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. முதல் வீச்சு தவறி, இரண்டாம் வீச்சில்.

பத்து நாள் முடிந்து அத்தை அழைத்துப்போக வந்தாள். கோதை பச்சோந்தியை விட்டு வரமாட்டேன் என்றாள். அத்தை அய்யாவிடம், "பிள்ளை ஆசைப்படுதுல்லாண்ணே. கொண்டுக்கிட்டுப் போறோம். பால் கேன் கழுவுற இடத்துல ஈக்கு என்ன பஞ்சமா?" என்றாள்.

அய்யா என்னைப் பார்த்தார். பிறகு பச்சோந்தியைப் பார்த்தார். "போகட்டும் ஏட்டி. அங்கன போனா பொழச்சுக்கிடும். உனக்கு வேற புடிச்சுத் தாரேன்" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே குரல், அதே மாதிரிக் கொடுக்கல்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். விடிந்தும் விடியாமல் பச்சோந்தியைக் கூடைக்குள் போட்டு மூடி எடுத்துக்கொண்டு தோப்பின் கோடி வரப்புக்குப் போனேன். எனக்கு இல்லாதது அவளுக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. போகிற வழியில் ஒரு கல்லைக்கூட எடுத்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓணானைக் கண்டால் கல்லை எடுப்பது கைப்பழக்கம். கூடையைத் திறந்தபோது அது வழக்கம்போலக் கறுப்பாக என்னைப் பார்த்தது. கல்லைக் கீழே போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நூலை அவிழ்க்கப் பார்த்தேன். பனியில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. அவசரப்பட்டால் இடுப்பு அறுந்துவிடும். அதனால் இடது கையை மரத்துக் கொப்போடு சேர்த்து வைத்து, அதன்மேல் அதை நிற்கவிட்டு, வலது கை நகத்தால் முடிச்சை நெம்பிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக நான் அதைப் பிடிக்காமல் இருந்தேன். கை அசையவில்லை. வெயில் மரத்தின் மேல் பாதியிலிருந்து மெல்ல இறங்கி என் தோளுக்கும் முழங்கைக்கும் வந்தது. முடிச்சு அவிழ்ந்து நிமிர்ந்து பார்த்தபோது, மாம்பால் சுட்ட என் கறுத்த மணிக்கட்டின்மேல் அது பச்சையாக இருந்தது. தலையிலிருந்து வால் நுனி வரை பச்சை. கோதையின் கையில்கூட அம்புட்டுப் பச்சை நான் பார்த்ததில்லை.

கிணற்றடியில் கோதை பல் விளக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சுப்புத்தாயும் வந்துவிட்டிருந்தாள், குரல் கேட்டது. ஒரு கூப்பாடு போட்டால் போதும், எல்லாரும் ஓடி வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் அதைக் கொண்டுபோய்விடுவார்கள். கூப்பிடாவிட்டால் அது போய்விடும். ஆனால் என் கையிலும் பச்சை வந்தது என்று ஒரு ஆத்மாவுக்கும் தெரியாது.

நான் கூப்பிடவில்லை. அது ஆடி ஆடிக் கொப்புக்குப் போனது. மூன்றாவது இலைக்கு அப்புறம் எது இலை எது அது என்று தெரியவில்லை.

"நூலைக் கடிச்சுட்டு ஓடிப்போச்சு" என்று குடிசையில் வந்து சொன்னேன். அய்யா நூலை வாங்கிப் பார்த்தார். இரண்டு நுனியும் முழுசாக இருந்தன. அதைத் தன் பீடிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கோதை பஸ் ஏறும்வரை அழுதாள். நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பஸ் மறைகிற வரை.

அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் தரித்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளத்தில் செங்கல் சூளை, சென்னையில் கட்டட வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். கோதை படித்து நர்சாகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வீடு கட்டிப் பேத்தியும் எடுத்துவிட்டாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போகும் வழியில் தோப்பு இருந்த இடத்தில் இறங்கினேன். மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நின்றன. கோடி வரப்பும் இல்லை, அந்த மரமும் இல்லை. பச்சோந்தியை இப்போது பிடித்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

சாயங்காலம் கோதை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பட்டுவின் கதையைச் சொன்னாள். "என் கையில வந்தா பச்சைப் பசேல்னு ஆயிரும்."

"பெரியாச்சி கையில?" என்று பிள்ளை கேட்டது.

"பெரியாச்சி கையில கறுத்துப்போகும். அவியளக் கண்டா அதுக்குப் பயம்லா" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒளித்துவைத்த குற்றம் வெளிவந்துவிடுமே என்ற பயத்தால் அல்ல. பள்ளிக்கூடம், செருப்பு, பால்கோவா, நல்ல பெயர் எல்லாம் அவள் பக்கம் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தக் காலை வெயில் ஒன்றுதான். அதையும் தூக்கி அவள் மடியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இங்கே எழுதிவிட்டேன். வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள் அவள். வாசிக்கட்டும்.