இடது பொத்தான்

மூன்று வருடம் உழைத்து கம்பெனியில் நாங்கள் உருவாக்கிய கையடக்க வீடியோ கேம் கருவியின் மாதிரியை, ஆயுத பூஜைக்குப் பெருமையாக எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு எடுத்து வந்தேன். அம்மா மண்வெட்டி, அரிவாளோடு அதையும் படையலில் வைத்து, பொத்தான்கள் மேல் சந்தனத்தை அப்பிவிட்டாள்.

சென்னையில் முதலாளி முன்னால் இயக்கியபோது இடது பொத்தான் அசையவில்லை. அன்றே அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

"நீ வெச்ச சந்தனத்தாலதான் எல்லாம் நாசமாப் போச்சு" என்று போனில் அம்மாவிடம் கத்தினேன்.

நிறுத்துவதென்று முந்தின வாரமே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் சந்தனக் கிண்ணத்தோடு என் லேப்டாப்பை மட்டும் விட்டு விலகிப் போகிறாள்.

"உன்னுத நான் தொடலப்பா" என்கிறாள்.