கைதட்டினால் நிற்க வேண்டும்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். சத்தியமாக நடந்தது. அதுவும் ராத்திரி இல்லை, பட்டப்பகல்.

நான் பஸ் டிரைவர். பத்தொன்பது வருஷம் ஓட்டியாகிவிட்டது. பேய், பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் நான்.

அந்தப் பழங்காலக் கல்கோபுரத்தைப் பார்க்க உலகமே வரும். அன்று கொட்டின மழையில் நானும் என் மனைவியும் மட்டும்தான். அவளுக்கு வீசிங் உண்டு. "இந்த ஈரம் எனக்கு ஆகாது. ஆசைப்பட்டீங்களே, நீங்க போய் ஏறிட்டு வாங்க" என்று காரிலேயே இருந்துகொண்டாள்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சொன்னார்:

"இருநூத்திப் பத்து படி சார். குறுகல் படி, ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் போக முடியும். ஏறுறப்பவும் இறங்குறப்பவும் கைதட்டுங்க. பதிலுக்கு யாராச்சும் தட்டினா, அவங்க வர்ற வரைக்கும் நில்லுங்க."

எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுவதுதானே என் பிழைப்பு! இதை எனக்குச் சொல்லித் தரவேண்டுமா?

3:10க்கு உச்சி. நாலு பக்கமும் மழை. ஒரு மண்ணும் தெரியவில்லை. முகம் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டேன்.

கையில் வந்தது அவளுடைய இன்ஹேலர்.

காலையில் என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டு பேருமே மறந்துவிட்டோம். போனில் சிக்னல் இல்லை.

படிவாசலில் நின்று கைதட்டினேன்.

கீழேயிருந்து பதில் வந்தது. டப்… டப்… டப்.

யாரோ ஏறுகிறார்கள். நின்றேன்.

3:16. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். டப்… டப். அதே இடத்திலிருந்து.

"சீக்கிரம் வாங்க! அவசரம்!" என்று கத்தினேன். பதிலுக்குக் கைதட்டல் மட்டும்தான். மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார், பாவம் என்று நினைத்தேன். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே வழியில்லை. பொறியில் மாட்டிய எலி மாதிரி நின்றேன்.

3:31. தட்டினேன்.

டப்.

ஒன்றே ஒன்று.

3:34. தட்டினேன்…

ஒன்றுமில்லை.

சட்டமாவது மண்ணாவது! இறங்கினேன்.

கும்மிருட்டு. இரண்டு தோளும் சுவரில் உரசுகின்றன. யாராவது இருந்தால் மிதித்துத்தான் தாண்ட வேண்டும்.

யாரும் இல்லை…

கடைசிப் படி வரை யாருமே இல்லை.

"யாருங்க மேல ஏறினது?" என்று டிக்கெட்காரரைக் கேட்டேன்.

"ஒருத்தரும் உள்ள போகலையே சார். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன்."

ஓடினேன். காருக்குள் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். நர்ஸ்தான் கேட்டார்: "இவங்க உள்ளங்கை ரெண்டும் ஏன் இப்படிச் செவந்து வீங்கியிருக்கு?" காரில் கிடந்தபோது அவள் உடுப்பில் ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை.

மூன்றாம் நாள்தான் என்னிடம் வாய்திறந்தாள்.

"மூச்சு முட்டி உங்களைத் தேடிப் படியேறினேன். குரல் வரல. கைதட்டித் தட்டிக் கூப்பிட்டேன். மேலேயே நின்னுட்டீங்க. அப்புறம் என்னைத் தாண்டியே இறங்கிப் போறீங்க, திரும்பிக்கூடப் பாக்கல."

"நீ காரை விட்டே இறங்கலடி."

அவள் என் தோளையே பார்த்தாள்.

"அது இருக்கட்டும். உங்க தோள்ல கை வச்சுக்கிட்டுப் பின்னாடியே ஒருத்தி இறங்கினாளே… யாருங்க அவ? என்னைப் பாத்து, சத்தம் போடாதேன்னு வாயில விரல் வச்சா."