பந்தியில் விரித்த துருக்கிக் கம்பளம்

"மொட்டை மாடியில் காயப்போட்ட பொருளை, உரியவரின் எழுத்துமூலமான சம்மதமின்றி எவரும் எடுக்கலாகாது." எங்கள் மயிலாப்பூர் அடுக்ககச் சங்கத்தின் ஒன்பதாவது விதி. எழுதியவன் நான்.

காயப்போட்டது, என் மகள் இஸ்தான்புல்லில் தேடிப் பிடித்து அனுப்பிய கம்பளம். கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. என்னைவிட வயதானது, என்னைவிட நிறம் மங்காதது. இரண்டரை அடி அகலம், பதினோரு அடி நீளம். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடையில் விரிப்பதற்கென்றே வாங்கியிருந்தாள். நடையின் அகலம் மூன்றடி. கம்பளத்தை மிதிக்கக் கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டதால், ஓராண்டாக இருவரும் சுவரில் முதுகு உரசப் பக்கவாட்டில் நகர்ந்துதான் படுக்கப் போனோம்.

புரட்டாசியில் வெயில் காட்ட மாடிக்கு ஏற்றினோம். அன்றே மேற்கு மாம்பலத்தில் மைத்துனர் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு அழைப்பு. போனவர்கள் மூன்று நாள் தங்கிவிட்டோம். திரும்பியது ஆயுத பூஜையன்று மதியம். கார் நிறுத்துமிடத்தில் சங்கத்தின் விருந்து. எங்கள் கம்பளத்தின் மேல் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, ரசத்துக்குச் சோற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காவலாளியைக் கேட்டேன்.

"மாடில கெடந்துச்சு சார். ஒல்லியா, நீட்டா கீது. பந்திப்பாய் இல்லாம வேற இன்னா?"

செயலாளரிடம் விதியைச் சொன்னேன். அவர் அதன் துணை விதியைப் படித்துக் காட்டினார்: இரண்டு நாளுக்கு மேல் கிடக்கும் பொருள் சங்கத்தைச் சேரும். அதையும் நான்தான் எழுதினேன், இரண்டாம் மாடிக்காரரின் உடைந்த கட்டிலை ஒழிப்பதற்காக.

"எழுதிக் குடுங்க சார், பரிசீலிக்கிறோம்" என்றார். அரசுப் பணியில் இருந்தவரை நான் பிறரிடம் சொன்ன வாக்கியம்.

"நீங்க எழுதின சட்டம்தானே, நன்னா அனுபவியுங்கோ" என்றாள் மனைவி. "மார்கழில பொண்ணு வந்து நடையப் பாத்தா என்ன சொல்லப்போறேள்?"

என் கவலையும் அதுதான். மனு கொடுத்தேன். பிறகு நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், எல்லாம் நகலுடன். பதில் இல்லை. மகள் வந்தாள். வெறும் நடையைப் பார்த்தாள்.

"சுத்தம் பண்ணக் குடுத்திருக்கு" என்றேன்.

மறுநாளே சங்கத்தின் புத்தாண்டுச் சாப்பாடு. எனக்கு முன்னால் கீழே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பளத்தின் கடைசியில், சாம்பார்க் கறைக்குப் பக்கத்தில், இலை முன் உட்கார்ந்திருந்தாள்.

"நன்னா சுத்தம் பண்ணியிருக்காப்பா."

குனிந்து கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"நம்மாத்துல இதுமேல ஒரு கால் பட்டதில்லைன்னு அம்மா சொன்னா. இங்க எல்லாரும் சௌகரியமா ஒக்காந்துண்டிருக்கா. இங்கேயே இருக்கட்டும்." பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் ஊர் திரும்பிய பிறகு செயலாளரின் பதில் வந்தது. "தங்கள் மகள் பந்தியில் 'இங்கேயே இருக்கட்டும்' என்று கூறியதை உறுப்பினர்கள் எழுவர் கேட்டுள்ளனர். ஆகவே தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது." வரைவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தெருவெங்கும் பழைய பாய்களை வீட்டை விட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று போகி.